மணல் வீடும் தீப்பெட்டி நகரமும்: வைப்பாற்றுக் கரையிலிருந்து கூட்டுக் கற்பனை உலகங்களின் வரலாறு

பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி ஒரு கோட்டை கட்டலாம். அந்தக் கோட்டைக்கு ஓர் அரசன், அவனுக்கு ஒரு பகைவன், இருவருக்கும் நடுவில் ஒரு காடு என்று வளர்த்துக்கொண்டே போகலாம். ஒருவர் கட்டிய காட்டின் ஓரத்தில் முன்பின் அறியாத இன்னொருவர் துறைமுகம் கட்டுகிறார். இப்படிப் பலர் சேர்ந்து நிலப்படமும் வம்ச வரலாறும் போர்களும் கொண்ட ஒரு முழு நாட்டை உருவாக்குவது இன்று உலகெங்கும் பெரியவர்களின் பொழுதுபோக்காகிவிட்டது. இதன் வரலாற்றை டென்மார்க்கில் தொடங்கி அமெரிக்காவில் முடிப்பதுதான் வழக்கம். இக்கட்டுரை இருக்கன்குடியில் தொடங்குகிறது. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுகிற அந்த ஊரையும், மேற்கே சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் வரையிலான கரிசல் வட்டாரத்தையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளின் சிற்றுலகங்களைப் பற்றித் தமிழில் பேச முடியாது என்பது என் கருத்து.

காரணம் எளியது. கூட்டு விளையாட்டு உலகம் பற்றிய தமிழின் மிக நுணுக்கமான பதிவு ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் பதிகம் முழுவதும் சிற்றில் பற்றியது. சிறுமியர் ஆற்றுமணலைக் கொழித்து வீடு கட்டுகிறார்கள். கண்ணன் அதைக் கலைக்க வருகிறான். வேண்டாம் என்று கெஞ்சுகிறார்கள். பக்திப் பாடலாகத்தான் இதை உரையாசிரியர்கள் விரித்தார்கள். பொருள்சார் வரலாற்றைத் தேடுகிறவருக்கு அதில் வேறு செய்திகள் கிடைக்கின்றன. சுளகு, சிறிய மண்கலம், சலித்த நுண்மணல் எனக் கருவிப் பட்டியலே உண்டு. நாள் முழுக்கக் குனிந்து கட்டியதில் முதுகு வலிக்கிறது என்ற புலம்பல் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பேசும் குரல் பன்மை. வீடு ஒருத்தியுடையது அல்ல.

சிற்றிலும் வண்டல் என்னும் மணல் விளையாட்டும் சங்கப் பாடல்களிலேயே பழகிப்போன செய்திகள்தாம். கடற்கரையில் பாவை செய்வதும், மணலில் சோறு சமைப்பதும், தோழியர் கூடி ஆடுவதும் அகப்பாடல்களில் வந்துகொண்டே இருக்கும். ஆனால் அங்கே அது பெரும்பாலும் கடந்துபோன இளமையின் அடையாளம். தலைவி வளர்ந்துவிட்டாள் என்று சொல்ல ஒரு வழி. ஆண்டாளிடம்தான் கட்டுகிறவர்களின் பக்கம் நின்று கட்டுமானம் பேசப்படுகிறது. பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் இலக்கணம் இதை ஒரு பருவமாகவே வகுத்துக்கொண்டது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் மூன்றும் கடைசியில் வருவன. பகழிக்கூத்தரின் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழ் முதல் குமரகுருபரரின் நூல் வரை, பெண் பிள்ளைகள் கட்டுவார்கள், பாட்டுடைத் தலைவனாகிய ஆண் பிள்ளை கலைப்பான், கலைக்காதே என்று வேண்டுவது பாட்டு. யார் கட்டுவது, யார் இடிப்பது என்பதை இவ்வளவு உறுதியாகப் பால் பிரித்து எழுதிவைத்த விளையாட்டு வேறு எந்த மொழியிலாவது உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது. இடிபடுவதும் இந்த விளையாட்டின் ஒரு பகுதி. கலையாத சிற்றிலுக்குப் பாட்டு இல்லை.

மணல் சான்று விட்டுவைக்காது. சுடுமண் விடும். இருக்கன்குடிக்கு மேற்கே அதே வைப்பாற்றின் கரையில், வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தின் மேட்டுக்காட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்களும் மணிகளும் சுடுமண் உருவங்களும் வட்டமாகத் தேய்த்த ஆட்டக்காய்களும் கிடைத்தன. ஆட்டக்காய் என்பது உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து எடுத்தது. வீணானதை எடுத்து ஒரே அளவாக்கி விளையாட்டுக்குப் பயன்படுத்துவது இந்த ஆற்றங்கரையில் பழைய பழக்கம் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம். தீப்பெட்டிக்கு வரும்போது இது உதவும்.

இடைக்காலத்துக்குப் பிறகு சிற்றுலகம் வீட்டுக்குள் வருகிறது. நவராத்திரிக் கொலு அதன் மிகப் பெரிய வடிவம். மதுரைக்கு அருகே விளாச்சேரி, வடக்கே பண்ருட்டி, காஞ்சிபுரம் என மண் பொம்மை செய்யும் ஊர்கள் இதை நம்பி வாழ்ந்தன, இன்றும் வாழ்கின்றன. கொலுவின் படிகளில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. எது மேலே, எது கீழே என்பதை மரபு தீர்மானித்துவிட்டது. மரப்பாச்சிக்கு ஓர் இடம், தசாவதாரத்துக்கு ஓர் இடம். கற்பனைக்கு இடம் இருப்பது படிக்குக் கீழே, தரையில், பிள்ளைகள் போடும் பார்க்கில்தான். தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ கடுகோ வெந்தயமோ தூவி முளைக்கவிட்டால் புல்வெளி. முகம் பார்க்கும் கண்ணாடி குளம். குன்றின் மேல் முருகன் கோயில், அடிவாரத்தில் ரயில், பக்கத்தில் கிரிக்கெட் ஆட்டம், எதிரே செட்டியார் கடை. செட்டியார் பேருந்தைவிடப் பெரியவராக இருப்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளை கொண்டுவந்த யானை கோயிலைவிடப் பெரிதாக இருக்கும். யாரும் கேட்பதில்லை.

இந்த அளவு ஒவ்வாமை சிறிய விஷயம் அல்ல. பத்துப் பேர் பொருள் கொண்டுவந்து ஓர் உலகம் கட்டும்போது அவை ஒன்றோடொன்று இணைய வேண்டும் என்றால் பொது அளவு வேண்டும். பார்க்குக்கு அது இல்லை. அதனால் அது ஒன்பது நாளோடு முடிகிறது. அடுத்த ஆண்டு வேறு பார்க்.

ஆனால் சிவகாசி வட்டாரத்தை வைத்துப் பார்த்தால் கொலுவைப் பற்றி மேலும் சொல்வது நேர்மை ஆகாது. கொலு சில சாதி வீடுகளின் வழக்கம். கரிசல் கிராமங்களில் பெரும்பாலான வீடுகளுக்கு அது அயல். அங்கே சிற்றுலகங்களை வேறு இடங்களில் தேட வேண்டும். தேவாலயங்களில் இளைஞர்கள் சேர்ந்து போடும் கிறிஸ்துமஸ் குடில் ஒன்று. 1223-இல் இத்தாலியின் கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலின் வழிவந்த வழக்கம் அது. இங்கே வந்து மலையும் ஓடையும் வயலும் கமலைக் கிணறும் சேர்த்துக்கொண்டது. விளாச்சேரிக் குயவர்கள் கொலுவுக்கு ஒரு பருவம், குடிலுக்கு ஒரு பருவம் என இரண்டுக்கும் பொம்மை செய்கிறார்கள். இன்னொன்று, மலைக்கோயில் பாதைகளில் சொந்த வீடு வேண்டிக் கல் அடுக்கும் வழக்கம். மூன்று நான்கு கற்களை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்திவிட்டு நடப்பார்கள். அடுத்து வருகிறவர் அதன் பக்கத்தில் தன் வீட்டை அடுக்குவார். பாதை ஓரம் முழுவதும் ஆளில்லாத ஊர் ஒன்று எழுந்து நிற்கும். வளர்ந்தவர்கள், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், கட்டும் சிற்றில்.

இனி தீப்பெட்டி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, 1923-இல் சிவகாசியில் ஆலை தொடங்கினார்கள். லேபிள் அச்சடிக்க அச்சகங்கள் வந்தன. பின்னால் பட்டாசு வந்தது. மழை பொய்த்த கரிசல் காட்டில் காய்ந்த வெயிலே தொழிலுக்கு மூலதனமானது. இந்த வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. நான் கவனப்படுத்த விரும்புவது பெட்டியை மட்டும். உள்ளே நகரும் அடிப்பெட்டி, மேலே உறையாக மேல்பெட்டி. இந்த இரண்டும் கோடிக்கணக்கில், ஒரே அளவில், இந்தியாவின் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. குச்சி தீர்ந்ததும் பெட்டி பிள்ளைகளின் சொத்து. அடிப்பெட்டியைப் பாதி வெளியே இழுத்து அடுத்த மேல்பெட்டிக்குள் செருகினால் ரயில். நிறுத்தி அடுக்கினால் மாடி வீடு, திறந்த அடிப்பெட்டி மேல்மாடம். மேல் அட்டைப் படங்களைச் சேர்ப்பதும் வைத்து ஆடுவதும் தனி விளையாட்டு. தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதன்முதலாகக் கிடைத்த, ஒன்றில் ஒன்று பொருந்தும் பொது அளவுக் கட்டை இதுதான் என்பேன். என் வீட்டுப் பெட்டி உன் வீட்டுப் பெட்டியில் பொருந்தும். இதைப் பார்க் கொடுக்கவில்லை, மணலும் கொடுக்கவில்லை.

டென்மார்க்கின் பில்லுண்டில் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் 1932-இல் தொடங்கிய பொம்மைப் பட்டறை, லெகோ என்ற பெயரில், அதே காரியத்தைப் பிளாஸ்டிக்கில் செய்தது. மேலே குமிழ், உள்ளே குழாய் என்ற இன்றைய பொருத்தத்துக்கு அவர் மகன் காட்ஃப்ரெட் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரினார். எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் 91 கோடிக்கும் மேற்பட்ட விதங்களில் இணைக்கலாம் என்று பின்னர் கணித்தார்கள். 1978-இல் கைகால் அசையும் சிறு மனிதனும் மஞ்சள் கோட்டையும் வந்தன. கோட்டை வந்ததும் கதை வேண்டியிருந்தது. நிறுவனம் கொடுத்ததோ கொடியும் கேடயமும் மட்டும்; பெயர், வம்சம், பகை எதுவும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் பொழுதுபோக்காளர்கள் குடியேறினார்கள். 2010-களின் தொடக்கத்தில் உருவான ஹிஸ்டாரிக்கா என்ற கற்பனை நாடு நல்ல எடுத்துக்காட்டு. வடக்கே பனி சூழ்ந்த மிட்கார்டியா, தெற்கே பாலை நிலமான காலிஃப்லின், காடடர்ந்த அவலோனியா, இருண்ட நாக்டர்னஸ். சேர்கிறவர் இவற்றில் ஒரு நிலத்தின் குழுவைத் தேர்ந்து, தனக்கென ஒரு பாத்திரத்தை உருவாக்கி, தான் கட்டிய காட்சியோடு அதன் கதையையும் பொது வரலாற்றில் சேர்க்க வேண்டும். குறிஞ்சி, முல்லை என்று நிலத்தைக்கொண்டு வாழ்க்கையைப் பிரித்துப் படித்த தமிழ் வாசகருக்கு இந்த ஏற்பாடு விளக்கம் இன்றியே புரியும்.

இங்கே மணலிலிருந்து விலகும் இடம் ஒன்று இருக்கிறது. கட்டைகள் மறுபடி பிரிக்கப்படும். அடுத்த காட்சிக்கு அவைதான் வேண்டும். ஆனால் அங்கே நடந்ததாக எழுதிய போர் நிலைத்துவிடும், அடுத்தவர் அதை மதித்துத்தான் தொடர வேண்டும். கட்டடம் கலையும், வரலாறு கலையாது. இதற்கு முன்னோடி லெகோ அல்ல. 1826 ஜூனில் இங்கிலாந்தின் ஹாவொர்த்தில் பாதிரியார் பேட்ரிக் பிராண்ட்டி தன் மகனுக்குப் பன்னிரண்டு மரச் சிப்பாய்கள் வாங்கிவந்தார். அக்கா தங்கைகள் ஆளுக்கொன்று எடுத்துப் பெயர் வைத்தார்கள். சிப்பாய்கள் தொலைந்த பின்னும் கண்ணாடி நகரம், ஆங்கிரியா, கோண்டால் என்று அந்த நாடுகளின் வரலாற்றைப் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். பொம்மையைவிடக் காகிதம்தான் அந்த உலகத்தைத் தாங்கியது.

காகிதம் சிவகாசியில் குறைவில்லாமல் இருந்தது. 1972-இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது. இரண்டும் சிவகாசியில் அச்சானவை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தெருவில் மாயாவியாகவும் உளவாளியாகவும் மாறி விளையாடிய கதை ஓர் ஊரின் அச்சகத்திலிருந்து வந்தது, அவர்கள் அடுக்கிய பெட்டி அதே ஊரின் ஆலைகளிலிருந்து வந்தது. கற்பனை உலகத்துக்கு வேண்டிய பொது அளவையும் பொதுக் கதையையும் இவ்வளவு நெருக்கமாகச் சேர்த்துத் தயாரித்த ஊர் தமிழகத்தில் வேறில்லை.

அந்த ஊரின் பிள்ளைகளுக்கு அவை விளையாட்டாக வந்து சேர்ந்தனவா என்பதுதான் இந்த வரலாற்றின் கசப்பான பக்கம். மற்ற ஊர்களில் குச்சி தீர்ந்த பின் கையில் விழுந்த பெட்டி, இங்கே குச்சி சேரும் முன்பே கையில் இருந்தது. அடிப்பெட்டி ஒட்டுவது, மேல்பெட்டி ஒட்டுவது எல்லாம் குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்பது 144 பெட்டி. விடியும் முன் கிராமங்களுக்கு ஆலை வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்றதை 1990-இல் வந்த குட்டி ஜப்பானின் குழந்தைகள் என்ற சலம் பென்னூர்க்கரின் ஆவணப்படம் பதிவு செய்தது. எழுத்தாளர் பூமணி தன் கருவேலம்பூக்கள் படத்தில் இதே வாழ்வைக் கதையாக்கினார். சிவகாசித் தீப்பெட்டித் தொழிலின் குழந்தைகளை முன்வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது.

ஆண்டாளின் சிறுமியருக்கும் முதுகு வலித்தது. அந்த வலி அவர்கள் தாமே தேடிக்கொண்டது; எப்போது வேண்டுமானாலும் எழுந்துபோகலாம். வைப்பாற்றுக் கரையின் பெட்டி ஒட்டும் பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை. பொருந்தும் கட்டையும் பொருந்தும் கதையும் கூடிய பின்னும் இந்த வட்டாரத்தில் ஒரு தீப்பெட்டி நாடு எழாமல் போனதற்கு நான் காணும் காரணம் இதுவே. கற்பனைக்குப் பஞ்சம் என்று சொல்கிறவர்கள் கரிசல் வட்டார நாட்டுப்புறக் கதைகளை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

தீர்ப்புக்குப் பின் நிலைமை மாறியது. பள்ளிகள் நிறைந்தன, இயந்திரங்கள் வந்தன, மரப்பட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியானது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைப் பொதுவாகத் தடை செய்தது. ஆனால் ஆபத்தற்ற குடும்பத் தொழிலில், பள்ளி விட்டபின்னும் விடுமுறையிலும் பிள்ளைகள் உதவலாம் என்று விலக்கும் அளித்தது. சிற்றிலும் பார்க்கும் குடிலும் தீப்பெட்டி ரயிலும் கட்டப்பட்டது அந்தப் பள்ளி விட்ட பொழுதில்தான். சட்டம் விலக்கு அளித்திருப்பதும் அதே பொழுதுக்குத்தான்.