கோல் காத்த தங்கராஜ்

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் கோல்கீப்பரை ‘கார்தியேன்’ என்போம். காவலன் என்று பொருள். செஞ்சிக் கோட்டை மதிலைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சொல்லும், கூடவே பீட்டர் தங்கராஜும் நினைவுக்கு வருவார்கள்.

தங்கராஜ் 1935-இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். 1953-இல் ராணுவத்தில் சேர்ந்தபோது சென்டர் ஃபார்வர்ட், அதாவது கோல் போடுகிற ஆள். பிறகுதான் கோல் காக்கப் பின்னால் போனார். 1955, 1958 இரண்டு ஆண்டுகளிலும் டூரண்ட் கோப்பையை வென்ற வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியில் இவர் இருந்தார். மெல்போர்ன், ரோம் ஒலிம்பிக்குகளுக்குப் போனார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். 1967-இல் அர்ஜுனா விருது.

இதுவரை பலருக்கும் தெரியும். 1971-இல் ஆட்டத்தை விட்ட பிறகு நடந்ததைத்தான் யாரும் பேசுவதில்லை. கோவா கிளப்புகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு பொகாரோ உருக்காலையின் கால்பந்து அகாடமிக்கு முதல் இயக்குநரானார். 2008 நவம்பரில் பொகாரோவிலேயே காலமானார்.

கோல் போட்டவனுக்குக் கைதட்டு. காத்தவன் பெயர் ஒரு பந்தை விட்டால்தான் வெளியே வரும். காத்தவனுக்குக் கற்றுக்கொடுத்தவனுக்கு அதுவும் இல்லை. முப்பது வருடம் கோப்பு காத்த குமாஸ்தாவான எனக்கு இது நன்றாகவே புரியும். ஒரு தாள் காணாமல் போனால்தான் மேலதிகாரிக்கு நம் பெயர் தெரியும்!

மாலையில் இங்கே பந்தாடும் பையன்கள் யார் கோல் நிற்பது என்று தினமும் சண்டை போடுகிறார்கள். கடைசியில் சின்னவன் தலையில் கட்டிவிடுவார்கள். நேற்று அவனைக் கூப்பிட்டு தங்கராஜ் கதையைச் சொன்னேன். இன்று அவனே முதலில் போய் நின்றான்.