இதய ஓட்டையை அடைத்த வரலாறு: தையலிலிருந்து ரோபோ வரை

இதயத்தின் இரு மேலறைகளுக்கு இடையிலான சுவரில் பிறவியிலேயே ஓட்டை இருந்தும், அது தெரியாமல் நாற்பது வயதுவரை வாழ்பவர்கள் உண்டு. படியேறினால் மூச்சு வாங்கும். ஆஸ்துமா என்று மருந்து சாப்பிட்டே காலம் போய்விடும். திறந்த இதய அறுவை மருத்துவம் தொடங்கியதே இந்த ஓட்டையில்தான்.

1952 செப்டம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஜான் லூயிஸ், ஐந்து வயதுச் சிறுமியின் உடலைக் குளிரவைத்து, இரத்த ஓட்டத்தை ஐந்தரை நிமிடம் நிறுத்தி ஓட்டையைத் தைத்தார். 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், 18 வயதுப் பெண்ணை இதய-நுரையீரல் இயந்திரத்தில் 26 நிமிடம் வைத்திருந்து அதையே செய்தார். தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ரீவ் பெட்ஸ் நெஞ்சக அறுவைத் துறையைத் தொடங்கினார். 1960களின் தொடக்கத்தில் அங்கேயே கோபிநாத் திறந்த இதய அறுவையை வெற்றிகரமாகச் செய்தார்.

பின்னர் நடு மார்பெலும்பைப் பிளப்பதே பல பத்தாண்டுகள் வழக்கமாக இருந்தது. 2001இல் மிலானில் லூசியா தோராக்கா குழுவினர் ஆறு பேருக்கு டா வின்சி ரோபோவின் துணையுடன் ஓட்டையை அடைத்ததை வெளியிட்டனர். ரோபோ தானாக எதையும் அறுப்பதில்லை. மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து கைப்பிடிகளை அசைக்க, வலது விலா இடுக்குகளில் நுழைந்த கருவிகள் மணிக்கட்டுபோல் திரும்பித் தைக்கின்றன. இதய-நுரையீரல் இயந்திரம் அப்போதும் தேவை. அதன் குழாய்கள் தொடை இடுக்கு வழியே செல்கின்றன.

சாதாரண ஓட்டைகளைக் காலின் சிரை வழியே குடைபோன்ற சாதனம் செலுத்தியே மூடிவிடலாம். அதற்கு ரோபோ வேண்டியதில்லை. மேற்பெருஞ்சிரை வாயருகே அமைந்து, நுரையீரல் சிரையும் இடம்மாறித் திறக்கும் அரிய குறைகளுக்குத்தான் பெரும்பாலும் இன்றும் தையல் தேவைப்படுகிறது. இங்கே ரோபோவுக்கு வேலை உண்டு.

சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022இல் ரோபோ அறுவை மையம் திறக்கப்பட்டது. ஆனால் வாழப்பாடிக்காரர் ஒருவருக்கு முதல் தடை ரோபோ அன்று, நோயைக் கண்டறிவதே. ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவிலுள்ள சேலத்துக்குப் போய் எக்கோ எடுத்தாலும், நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் சாதாரண எக்கோவில் இவ்வகை ஓட்டை பெரியவர்களுக்கு எளிதில் தப்பிவிடும். வலது இதயம் வீங்கியிருந்து காரணம் புலப்படாவிட்டால், உணவுக்குழாய் வழி எக்கோவோ சி.டி. ஸ்கேனோ எடுக்க வேண்டும். நுரையீரல் இரத்த அழுத்தம் மிகுந்து உதடு நீலம் பாரித்த பிறகு ஓட்டையை அடைப்பது உயிருக்கே ஆபத்து. அந்நிலையில் எந்த ரோபோவும் உதவாது.