பினாங்குக் கோட்டையும் சிலாங்கூர்ப் பீரங்கியும்

பள்ளி விடுமுறை வந்தால் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலிருந்து பினாங்குக்குச் செல்லும் குடும்பங்கள் பல. கடற்கரையோரத்துக் கார்ன்வாலிஸ் கோட்டையைக் காணாது திரும்புவோர் அவர்களுள் சிலரே. அங்குள்ள பீரங்கிகளுள் புகழ்மிக்கது நம் சிலாங்கூரிலிருந்து கொண்டுசெல்லப்பட்டது என்பதை எத்தனை பேர் அறிவர்?

ஸ்ரீ ரம்பாய் என்னும் அவ்வெண்கலப் பீரங்கி 1603-ல் வார்க்கப்பட்டது. டச்சுக்காரர் அதனை ஜொகூர்ச் சுல்தானுக்குப் பரிசாக அளித்தனர். 1613-ல் அச்சே நாட்டார் கவர்ந்தனர். 1795-ல் அது சிலாங்கூரை அடைந்தது. சிலாங்கூர் உள்நாட்டுப் போரின்போது, 1871-ல், ஆங்கிலேயர் குவாலா சிலாங்கூரைத் தாக்கி அதனைப் பினாங்குக்கு எடுத்துச் சென்றனர். பிள்ளைப்பேறு வேண்டிய பெண்கள் அதன் வாயில் மலர் வைத்து வழிபட்டதுண்டு. ஜகார்த்தாவிலுள்ள பழைய பீரங்கி ஒன்றிடமும் மக்கள் இவ்வரம் வேண்டினர் என்பதால், இவ்வழக்கம் பினாங்குக்கு மட்டும் உரியதன்று.

இனிக் கோட்டையைப் பார்ப்போம். 1786-ல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கியபோது நீபோங் மரங்களை நட்டு ஒரு வேலி அமைத்தார். அதுவே முதற்கோட்டை. சயாமியரிடமிருந்து காப்பர் என நம்பித் தீவைக் கொடுத்த கடாரத்துச் சுல்தான், கம்பெனியார் கைவிட்டமை கண்டு 1791-ல் அதனை மீட்கப் படை திரட்டித் தோல்வியுற்றார். மரவேலி பின்னர்க் கல்லும் செங்கல்லுமாய் மாறியது. 1804-ல் தொடங்கிய வேலை 1810-ல் முடிந்தது. செலவு 80,000 வெள்ளி. இவ்வளவும் செய்த பின் அக்கோட்டை ஒரு போரையேனும் கண்டதில்லை!

கார்ன்வாலிஸ் பிரபு தமிழ் வாசகர்க்குப் புதியவர் அல்லர். திப்புவோடு பொருது, 1792 உடன்படிக்கையால் திண்டுக்கல்லையும் பாரமகாலையும் கம்பெனியின் கைக்குக் கொணர்ந்தவர் அவரே. 1805-ல் அவர் காசிப்பூரில் இறந்தபோது, அவர் பெயர் தாங்கிய சுவர் இங்கு எழும்பிக்கொண்டிருந்தது. அதை எழுப்பியவர் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். அவர்கள் பெயர் எந்த வாயிலிலும் பொறிக்கப்படவில்லை.

இங்கே நம்மவர் நெஞ்சில் ஓர் ஆசை எழும். மருது சகோதரர்களின் கிளர்ச்சி 1801-ல் ஒடுக்கப்பட்ட பின், 1802 பிப்ரவரியில், சின்ன மருதுவின் இளமகன் துரைசாமி உள்ளிட்ட 73 பேர் தூத்துக்குடியிலிருந்து இதே பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். இரண்டாண்டில் கற்சுவர் தொடங்குகிறது. 'மருதுவின் மைந்தன் கட்டிய கோட்டை' என்று மேடையில் முழங்கினால் கைதட்டலுக்குக் குறைவிராது. ஆயின் ஆண்டுகள் அடுத்தடுத்து நிற்பது மட்டும் சான்றாகாது. கோட்டைக்குக் கல் சுமந்த கைதிகள் வேறு, கிளர்ச்சிக்காக நாடு கடத்தப்பட்டோர் வேறு என வைத்தே மாணவர்க்குச் சொல்லுதல் வேண்டும். பாளையக்காரர் போரின் முடிவு மலாயாக் கடற்கரை வரை நீண்டது என்பதே போதிய செய்தி. அதற்கு மெருகு தேவையில்லை.

பின்னர்க் கோட்டையின் பெருமை குன்றியது. சீக்கியப் போலீசார் சிலகாலம் அங்குத் தங்கினர். 1882-ல் கலங்கரை விளக்கம் ஒன்று எழுந்தது. சூழ்ந்திருந்த அகழியை மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சி 1920-களில் தூர்த்தனர். அதனை மீண்டும் தோண்டும் பணி அண்மை ஆண்டுகளில் நடைபெற்றது. 1977-ல் இக்கோட்டை தொல்சின்னமாக அறிவிக்கப்பெற்றது. இன்று வெடிமருந்து அறையைப் பார்த்துவிட்டு மர நிழலில் இளைப்பாறுகின்றனர். உள்ளே திறந்தவெளி அரங்கம் ஒன்றும் உண்டு.

கோட்டையை ஒட்டிய திடலை மலாய்க்காரர் 'பாடாங் கோத்தா லாமா' என்பர். பழைய கோட்டைத் திடல் என்பது பொருள். அதில் லைட்டும் இல்லை, கார்ன்வாலிசும் இல்லை. 'கோத்தா' மட்டும் இருக்கிறது; நம் 'கோட்டை'க்கு உறவான சொல்.