மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் வண்டிகள்

பனிக்காலம் என்றதும் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களின் நினைவுக்கு வருவது, மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் வயல்வெளிகளிலும் பனங்கூடல்களிலும் படியும் மெல்லிய பனியேயாகும். ஒரு போர்வையும் ஒரு கோப்பைத் தேநீரும் அதனை எதிர்கொள்ளப் போதுமானவை. வட ஐரோப்பாவிலும் கனடாவிலும் நிலைமை வேறு. அங்கே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20, 30 பாகை வரை இறங்கும்போது, மனிதர் மட்டுமன்றி அவர்தம் மோட்டார் வண்டிகளும் விறைத்துப் போகின்றன. எனவே குளிர்காலம் வருமுன்னரே வண்டியை ஆயத்தஞ் செய்து வைப்பது அந்நாட்டு மக்களின் வழக்கம். அத்தகைய குளிரை என்றுமே அறியாத யாழ்ப்பாணத்து வண்டிகளும் ஒரு காலத்தில் அதனையொத்த சோதனைக்கு உள்ளாயின. 1990ஆம் ஆண்டில் தொடங்கிய எரிபொருட் தடையே அச்சோதனை. அதனைச் சாரதிகளும் கராச்களில் வேலை செய்த தொழிலாளரும் வென்ற வரலாறு அறிந்து கொள்ளத்தக்கது.

தடைக்கு முன்னரும் குடாநாட்டில் வண்டி வைத்திருத்தல் எளிய காரியமாக இருந்ததில்லை. யாழ்ப்பாண நகரிலிருந்து கொக்குவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என வடக்கு நோக்கிச் செல்லும் வீதிவழியே போனால், கடலோரத்தில் உள்ள கீரிமலையை அடையலாம். நகுலேஸ்வரப் பெருமான் கோயிலும், உப்புக் கடலின் அருகிலேயே ஊறும் நன்னீர்க் கேணியும் அவ்வூரின் புகழுக்குக் காரணமானவை. ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் செய்வோரும், இறந்தோரின் அஸ்தியைக் கடலிற் கரைப்போரும் குடாநாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் அங்கு வருவர். மாட்டு வண்டிக் காலம் கழிந்தபின், இவர்களை ஏற்றி வரும் பொறுப்பு வாடகைக் கார்களுக்கும் பேருந்துகளுக்கும் உரியதாயிற்று.

கடற்காற்று உப்பைச் சுமந்து வருவது. அவ்வுப்பு ஈரத்தோடு கூடி இரும்பில் ஒட்டினால் துரு விரைவிற் பற்றும். குளிர்நாடுகளிலும் இதே தொல்லை உண்டு. அங்கே வீதியில் உறைந்த பனியை உருக்குவதற்காக உப்பைத் தூவுகின்றனர். அது சக்கரங்களால் வாரி எறியப்பட்டு வண்டியின் அடிப்பாகத்தை அரிக்கின்றது. இரு நாட்டவருக்கும் பரிகாரம் ஒன்றுதான்: உப்புப் பட்ட வண்டியின் அடிப்பாகத்தை நன்னீரால் நன்கு கழுவி உலர்த்துதலும், வெறுமையான இரும்பின்மீது எண்ணெயோ கிறீசோ பூசுதலும் ஆகும்.

இரண்டாவது தொல்லை மாரி மழை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றினாற் பெய்யும் மழையே குடாநாட்டுக்கு உயிர் தருவது. அக்காலத்தில் தாழ்ந்த ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும். இயந்திரத்தின் விசிறி அந்நீரை வாரித் தூற்றுமானால், தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பகிர்ந்தளிக்கும் கருவி நனைந்து வண்டி நடுவழியில் நின்றுவிடும். ஆதலின் முன்யோசனையுள்ள சாரதி அக்கருவியை ஈரம் புகாதவாறு மூடிக் கட்டுவான். நீரில் வேகமாகச் செல்லான். வெள்ளத்தைக் கடந்தபின் தடையை மெல்ல மிதித்துச் சிறிது தூரம் ஓட்டி, நனைந்த தடைகளைச் சூடாக்கி உலர்த்திக்கொள்வான்.

இவ்வாறு பழகிய வண்டிகள் பெரும்பாலும் ஆங்கில நாட்டில் உருவானவை. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒஸ்ரின் கம்பனியின் ஏ40 வகை 1947இலும், அதன் சோமசெற் உருவம் 1952இலும், கேம்பிரிட்ஜ் 1954இலும் வந்தன. அரசாங்க உத்தியோகத்தர், வைத்தியர், வணிகர் முதலியோர் விரும்பி வாங்கிய வண்டிகள் இவை. 1960களிலும் 1970களின் பெரும்பகுதியிலும் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவியமையால், பழைய வண்டியை எறிந்து புதியது வாங்குதல் பலருக்கு இயலவில்லை. தேய்ந்த உறுப்பைச் செப்பனிட்டும், கிடையாத உறுப்பைக் கடைசலிற் கடைந்தும் பழைய வண்டிகளையே ஓட்டவேண்டியிருந்தது. பிற்காலத்து நெருக்கடிக்குக் கைகொடுத்த தொழிற்பயிற்சி அந்த ஆண்டுகளிலேயே கிடைத்துவிட்டது எனலாம்.

1990 ஜூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டது. அதனைத் தொடர்ந்து வடக்குக்குச் செல்லும் பொருள்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், பற்றரி முதலிய பல பொருள்கள் தடைப்பட்டியலில் அடங்கின. மின்சாரமும் இல்லாதொழிந்தது. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடும் கூடிய விலையிலும் கிடைத்தது. வீட்டு விளக்கும், தோட்டத்து நீர் இறைப்பு இயந்திரமும், வீதியில் ஓடும் வண்டியும் அந்த ஒன்றையே பங்கிட்டுக்கொள்ள வேண்டிய நிலை ஏற்பட்டது.

பெற்றோலுக்காகச் செய்யப்பட்ட இயந்திரத்தில் மண்ணெண்ணெயை ஊற்றினால் அது ஓடாமைக்குக் காரணம் யாது? எரிபொருள் திரவமாக இருக்கும்போது இயந்திரத்துள் எரிவதில்லை. அது ஆவியாகிக் காற்றோடு கலந்த பின்னரே தீப்பொறி பட்டு எரியும். பெற்றோல் உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும் இயல்புடையது. மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகை வெப்பத்தை எட்டிய பின்னரே அத்தகைய ஆவியைத் தரும். இயந்திரம் ஒழுங்காக ஓடுவதற்கு அதனினும் மிகுந்த சூடு வேண்டும். ஆகவே சித்திரை மாத நண்பகல் வெயிலிலும், மண்ணெண்ணெய் நிரப்பிய வண்டிக்குக் கடுங்குளிர்காலமே. உறைபனியில் நிற்கும் வண்டிக்கும் யாழ்ப்பாணத்து வெயிலில் நிற்கும் வண்டிக்கும் குறை ஒன்றே. எரிபொருளை ஆவியாக்கும் வெப்பம் இல்லாமையே அது.

இக்குறையை உலகம் முன்னரும் கண்டிருக்கின்றது. இரண்டாம் உலகப் போரில் ருசிய நாட்டுக் குளிரில் அகப்பட்ட போர்வீரர், வண்டிகளின் கீழே நெருப்பு மூட்டி இயந்திரத்தைச் சூடாக்கினர். அதே போர்க்காலத்தில் பெற்றோல் கிடையாமையால் தமிழகத்திற் பேருந்துகள் மரக்கரியிலிருந்து பெறும் வாயுவினால் ஓடின. 1946ஆம் ஆண்டிலிருந்து உற்பத்தியான பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை, பெற்றோலிற் புறப்பட்டு, சூடேறியபின் மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெயில் ஓடுமாறு அமைக்கப்பட்டிருந்தது.

ஆனால் யாழ்ப்பாணத்தவர் பாடம் கற்பதற்கு அத்துணைத் தூரம் போகவேண்டியதில்லை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கிணற்றிலிருந்து நீர் இறைத்த இயந்திரங்கள் பல இதே முறையில் ஓடியவை. சிறிது பெற்றோல் விட்டு இயக்கி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது தோட்டக்காரர் அன்றாடம் செய்த வேலை. கிணற்றடியில் இருந்த அவ்வித்தை வீதிக்கு வந்தது.

முறை வருமாறு. சாரதி ஒரு சிறு போத்தலில் பெற்றோலை மருந்துபோலக் காத்து வைத்திருப்பான். புறப்படும்போது அதிற் சில துளிகளைக் காபரேற்றருள் விட்டு இயந்திரத்தை இயக்குவான். அச்சில துளிகள் எரிந்து தீர்வதற்குள் இயந்திரம் மண்ணெண்ணெயைப் பற்றிக்கொள்ள வேண்டும். முதலில் இருமும்; திணறும்; வெண்புகை கக்கும். சூடேறியதும் ஒருவாறு சீராக ஓடும். இடையில் நெடுநேரம் நின்று குளிர்ந்துவிட்டால் மறுபடியும் சில துளி பெற்றோல் செலவாகும். ஆகையால் எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதும் பயணத்துக்கு முன்னரே கணக்கிடப்பட்டது.

இதற்குப் பழைய வண்டிகளே ஏற்றவையாயின. அவற்றின் பிஸ்டன்கள் காற்றும் ஆவியும் கலந்த கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகவே நெருக்கின. இக்காலத்து வண்டிகள் பத்தில் ஒரு பங்காகவும் அதற்கு மேலும் நெருக்குவன. மண்ணெண்ணெய் மிகுந்த நெருக்கத்தைத் தாங்காமல் முன்னதாகவே வெடித்து இயந்திரத்தைத் தட்டும் இயல்புடையது. பழைய இயந்திரத்தின் மென்மையான நெருக்கமே அதற்கு இசைந்தது. மேலும், பற்றரி இல்லாதபோது முன்புறத்திற் செருகிக் கையாற் சுழற்றி இயக்கும் இரும்புக் கைபிடி இவ்வண்டிகளுக்கு இருந்தது. அதுவும் பயன்படாவிடத்துத் தள்ள வேண்டியதுதான். மலை என்ற பெயர் கீரிமலைக்கு உண்டெனினும், குடாநாட்டிலே வண்டியை உருட்டிவிடத்தக்க சரிவு ஏது? அயலவர் கைகளே அங்கு உதவின.

இம்முறையினால் வந்த தீங்குகளும் உண்டு. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனின் பக்கவாட்டில் வழிந்து, அடியிலுள்ள எண்ணெயோடு கலந்து அதன் வழுவழுப்பைக் கெடுத்தது. எண்ணெயை அடிக்கடி மாற்றாவிடின் இயந்திரம் தேய்ந்து அழியும், எண்ணெயோ கிடைத்தற்கரியது. பிளக்குகளிற் கரி படிந்தது. அவற்றை நாள்தோறும் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. புகையும் நாற்றமும் வண்டியில் இருந்தோரின் கண்ணையும் நெஞ்சையும் வருத்தின. சிக்கனத்துக்காகவோ வேடிக்கைக்காகவோ ஒருவர் மேற்கொள்ளத்தக்க வழி அன்று இது.

இத்துணைத் துன்பத்தையும் பொறுத்து வண்டியை ஏன் ஓட்டினர் என்று வினவலாம். பெரும்பாலான பயணங்களுக்குச் சைக்கிளே போதுமாயிருந்தது. ஆசிரியரும் மாணவரும் வணிகரும் அதிலேயே சென்றனர். ஆயினும் பிரசவ வேதனையுற்ற பெண்ணைச் சைக்கிளில் நெடுந்தூரம் கொண்டுசெல்ல இயலுமா? பாம்பு தீண்டியவனையும், குண்டுபட்டுக் குருதி சோர்பவனையும் எவ்வாறு கொண்டுசெல்வது? 1990ஆம் ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாண வைத்தியசாலை அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்பின்கீழ் வந்தது. அங்கே வைத்தியம் கிடைக்கும்; ஆனால் நோயாளி அங்குப் போய்ச் சேரவேண்டும். நள்ளிரவில் ஒருவர் வந்து படலையைத் தட்டும்போது, போத்தலில் அந்தச் சில துளிப் பெற்றோல் இருந்ததா, பிளக்குகள் துடைக்கப்பட்டிருந்தனவா, கைபிடி தன் இடத்தில் இருந்ததா என்பவற்றைப் பொறுத்தே ஓர் உயிர் தங்குவதும் போவதும் அமைந்தன. வண்டியை ஆயத்தமாக வைத்திருத்தல் என்பதன் முழுப்பொருளும் அங்கே விளங்கிற்று.

கீரிமலைக்கு வண்டிகள் போவது அப்போரோடு தடைப்பட்டது. 1990இல் வலிகாமம் வடக்கின் மக்களிற் பெரும்பாலோர் வீடுவாசலை விட்டு இடம்பெயர்ந்தனர். நகுலேஸ்வரர் கோயிலும் சேதமுற்றது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பல இலட்சம் பேர் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டனர். அந்த நெருக்கத்தில் நடக்கவியலாத முதியோரையும் நோயாளரையும் சில மூட்டைகளையும் சுமந்து, மண்ணெண்ணெய்ப் புகையோடு இப்பழைய வண்டிகளும் ஊர்ந்தன. 2002 பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தானது. அவ்வாண்டு ஏப்ரலில் கண்டி வீதி திறக்கப்பட, பெற்றோலும் புதிய வண்டிகளும் வந்து சேர்ந்தன. 2006இல் வீதி மறுபடியும் மூடப்பட்டு, போர் முடிந்த 2009ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. கீரிமலைக் கேணிக்கும் கோயிலுக்கும் மக்கள் மீண்டும் சென்று வருகின்றனர்.

2022ஆம் ஆண்டில் இலங்கை முழுவதும் எரிபொருட் பஞ்சம் தோன்றி, நீண்ட வரிசைகளில் மக்கள் காத்து நின்றபோது, பழைய வித்தை மீண்டும் உதவாதா என்று நினைத்தவர் உண்டு. இன்றைய வண்டிக்கு அது உதவாது. காபரேற்றர் நீங்கி, மின்னணுக் கருவி அளந்து எரிபொருளைப் பீச்சும் இயந்திரங்கள் வந்துவிட்டன. மண்ணெண்ணெய் அவற்றைக் கெடுத்துவிடும். கையாற் சுழற்றும் கைபிடியும் மறைந்து போயிற்று.

இற்றைநாளில் யாழ்ப்பாணத்தவர் பலர் மெய்யான குளிர்காலத்திலேயே வண்டி ஓட்டுகின்றனர். மொன்றியால் நகரை உள்ளடக்கிய கியூபெக் மாகாணத்தில், திசம்பர் முதலாந் தேதி தொடக்கம் மார்ச் பதினைந்தாந் தேதி வரை குளிர்காலத்துக்குரிய ரயர்களைப் பூட்டுதல் சட்டத்தினால் விதிக்கப்பட்டிருக்கின்றது. றேடியேற்றர் நீர் உறைந்தால் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிந்து இரும்பையே பிளந்துவிடுமாதலால், உறையாமற் காக்கும் திரவத்தை அதிற் கலக்கின்றனர். குளிரில் வலுவிழக்கும் பற்றரியை முன்னரே சோதித்துக்கொள்கின்றனர். இவை அனைத்தையும் அங்கே கையேடுகள் சொல்லிக் கொடுக்கின்றன.

யாழ்ப்பாணத்து மண்ணெண்ணெய் வண்டிக்கு அத்தகைய கையேடு எதுவும் அச்சேறவில்லை. எத்தனை துளி, எவ்வளவு சூடு, எந்த ஒலி வந்தால் எதைத் திருத்துவது என்பன ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்குச் சென்ற அறிவாகும். அவ்வறிவைக் கையிற் கொண்டிருந்தோர் முதுமை எய்திவிட்டனர், பலர் மறைந்துவிட்டனர். மன்னரின் போர்களையும் உடன்படிக்கைகளையும் எழுதி வைக்கும் வரலாறு, இருண்ட ஒழுங்கையிலே நோயாளியை ஏற்றிச் சென்ற சாரதியையும், கரி படிந்த பிளக்கைத் துடைத்துக் கொடுத்த தொழிலாளியையும் எழுதி வைக்கக் கடமைப்பட்டது. ஊரிலுள்ள பழைய கராச்சுக்கு இளைஞர் ஒருவர் ஒரு குறிப்பேட்டோடு சென்று, அங்கிருக்கும் முதியவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருவாராயின், அதுவே அக்கடமையின் தொடக்கமாக அமையும்.