கடல் பிரித்த வம்சங்கள் – 9: “நீ யார் வீட்டுப் பிள்ளை?”

சென்ற வாரம் ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் உலவிய நாம், இப்போது அதன் மேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் சமுத்திரத்தில் நீண்டு கிடக்கும் லூயிஸ், ஹாரிஸ், வட யூயிஸ்ட், தென் யூயிஸ்ட், பாரா முதலிய தீவுகளை அடைகிறோம். மரங்கள் அரிதாகவும் காற்று ஓயாததாகவும் உள்ள இத்தீவுகளில், முன்பின் அறியாத இளைஞன் ஒருவனைக் கண்டால், முதியவர்கள் கெய்லிக் பாஷையில் கேட்கும் பழைய கேள்வி “கோ லேஷ் ஊ?” என்பதாகும். “நீ யாருடையவன், யார் வீட்டுப் பிள்ளை?” என்பது அதன் கருத்து.

பெயரை விடுத்துக் குடும்பத்தை வினவுவதற்குத் தக்க காரணம் உண்டு. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனார் பெயரையும் வைப்பது அத்தீவினரின் சம்பிரதாயம். ‘பெயரன்’ என்ற சொல்லே பேரனாயிற்று என்றறிந்த நமக்கு அதன் தாத்பரியம் எளிதில் விளங்கும். ஆனால் சகோதரர் ஐவர் தத்தம் தலைமகனுக்கு ஒரே பாட்டனாரின் பெயரைச் சூட்டினால், ஒரே கிராமத்தில் ஐந்து டோனால்டு மக்லவுட்கள் வளர்ந்து நிற்பார்கள் அல்லவா? எனவேதான், “ருவரியின் மகனாகிய இயனின் மகன் டோனால்டு” என்று மூன்று நான்கு தலைமுறைகளை ஒரே மூச்சில் கோத்துச் சொல்லும் வழக்கம் அங்கே வேரூன்றியது.

அரசாங்க ஏடுகளோ இவ்வழக்கத்தைப் போற்றவில்லை. அவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டமையால், வீட்டில் டார்மட் என்று அழைக்கப்பட்டவன் ஏட்டில் நார்மன் ஆனான். பெஹக் என்பவள் ரெபேக்கா ஆனாள். ஓய்ரிக் என்னும் பெண்மணி ஓரிடத்தில் எஃபி என்றும், மற்றோரிடத்தில் யூஃபீமியா என்றும் காட்சியளித்தாள். ஏட்டை மட்டுமே நம்பும் ஆராய்ச்சியாளர் ஒரே பெண்ணை இருவராகவும், இரண்டு டோனால்டுகளை ஒருவராகவும் கொண்டு மயங்குவது இதனால்தான்.

ஆயினும் ஏடுகள் செய்யும் உபகாரத்தைக் குறைத்து மதிப்பது தகாது. 1855 ஜனவரி 1 முதல் ஸ்காட்லாந்தில் ஜனன, மரண, விவாகப் பதிவு சட்டப்படி கட்டாயமாயிற்று. மரணப் பதிவில் இறந்தவரின் தந்தை பெயரோடு, தாயின் பெயரும் அவள் பிறந்த வீட்டின் குடும்பப் பெயரும் கேட்டெழுதப்படுவது அதன் விசேஷம். ஆகவே 1856-ல் எண்பது வயதில் மாண்ட கிழவர் ஒருவரின் பதிவு, 1776-ஐ ஒட்டிப் பிறந்த அவரை மட்டுமன்றி, அவருக்கு முந்திய தலைமுறையையும் நமக்குக் காட்டிவிடுகிறது. தீவுகள் பலவற்றில் திருச்சபை ஏடுகள் 19-ஆம் நூற்றாண்டில்தான் தொடங்குகின்றன என்பதை எண்ணினால், இது எத்தகைய பொக்கிஷம் என்பது புலப்படும்.

ஆனால் விதியின் கொடுமையைப் பாருங்கள்! அச்சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன், 1846-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் நொந்து கிடந்த பாரா, தென் யூயிஸ்ட் பகுதிகளிலிருந்து 1,500-க்கும் மேற்பட்ட ஜனங்களை, நிலப்பிரபுவான கர்னல் ஜான் கார்டன் 1851-ல் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் பெயர் தீவின் புதிய ஏட்டில் ஏறவே இல்லை. ஊரிலேயே தங்கிவிட்ட உடன்பிறந்தான் ஒருவனின் மரணப் பதிவில்தான் அவர்களுடைய தாய் தந்தையர் பெயர் அகப்படக்கூடும். அந்த உடன்பிறந்தான் யார்? கனடாவில் பிறந்த கொள்ளுப்பேத்தியின் பெட்டியிலுள்ள பழைய கடிதமும், தீவில் வாழும் முதியவரின் ஞாபகமும் ஒன்றையொன்று சந்தித்தாலன்றி இக்கேள்விக்கு விடை கிடைப்பது துர்லபம்.

அத்தகைய சந்திப்புகளுக்கு வழி செய்தவர்களை நன்றியுடன் நினைக்க வேண்டும். லூயிஸின் வடகோடியிலுள்ள நெஸ் வட்டாரத்து மக்கள் 1977-ல் தங்கள் சரித்திர சங்கத்தை நிறுவினார்கள். பின்னர் மற்ற வட்டாரங்களிலும் அத்தகைய சங்கங்கள் தோன்றின. ஹாரிஸ் தீவின் நார்ட்டன் கிராமத்தில் பில் லாசன் என்னும் அறிஞர் பல ஆண்டுகள் உழைத்து, ஏட்டுச் செய்தியை வாய்மொழியோடு ஒப்புநோக்கி, குடிநிலம் ஒவ்வொன்றிலும் அடுத்தடுத்து வாழ்ந்த குடும்பங்களைக் கிராமவாரியாக நூல்களில் பதிந்து வைத்தார். பெயர்கள் மயங்கும் நாட்டில் நிலத்தின் வழியே மனிதரைத் தேடும் இம்முறை மிகவும் பொருத்தமானது. டோனால்டுகள் எத்தனை பேர் இருந்தாலும், இன்ன ஆண்டில் இன்ன நிலத்தில் குடியிருந்தவர் இன்னார் என்று பிரித்தறிய அது உதவுகிறது.

தம் வம்ச சரித்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவர், உண்மையில் அதன் பாதியையே பூட்டி வைக்கிறார். மற்றப் பாதி, தாம் பார்த்தேயிராத ஓர் உறவினரிடம், கடலுக்கு அப்பால் இருக்கிறது. தாம் எழுதியதைப் பிறர் முன் வைத்தால், “அவன் தம்பியல்ல, மைத்துனன்” என்று யாரேனும் திருத்தக்கூடும். அந்தத் திருத்தத்தை மகிழ்ந்து ஏற்பவருக்கே வம்சம் முழுமையாகக் கிடைக்கும். தீவின் முதியவர் கேட்ட கேள்விக்கு இரண்டு கரைகளும் சேர்ந்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

(அடுத்த வாரம்: 1930 ஆகஸ்டு 29-ல் எஞ்சியிருந்த 36 பேரும் நீங்கிச் சென்ற செயின்ட் கில்டா.)