கையும் மொழியும்

மொழி என்றதும் நம் நினைவுக்கு வருவது பேச்சொலியே. உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் நின்று, நாவும் பல்லும் இதழும் அண்ணமும் தொழிற்படுவதால் எழுத்தொலிகள் பிறக்கின்றன என்று தொல்காப்பியப் பிறப்பியல் விளக்குகிறது. மொழி உடலின் தொழில் என்ற உண்மை, ஆகவே, தமிழ் இலக்கணத்தார்க்குப் புதியதன்று. ஆனால் அத்தொழிலை ஆற்றவல்ல உறுப்பு வாய் ஒன்றுதானா? கண்ணாற் கண்டு கையாற் பேசும் மக்களுக்கு மொழி உண்டா, இல்லையா? ஐரோப்பாவில் இவ்வினாவுக்குத் தவறான விடை கண்டோரிடம் அதிகாரமும் இருந்தமையால், செவிப்புலனற்ற குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகத் துன்புற நேர்ந்தது. அவ்வரலாற்றை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரிஸ் நகரில் லெப்பே என்னும் பாதிரியார் செவிப்புலனற்ற ஏழைச் சிறுவர்க்குக் கல்வி புகட்டலானார். அச்சிறுவர் தமக்குள் வழங்கிய சைகைகளைத் தாமும் கற்று, அவற்றோடு சில புதியனவற்றைச் சேர்த்துக் கற்பித்தலுக்குக் கருவியாக்கினார். அவர் 1789இல் மறைந்தார். பிரான்சியப் புரட்சியின்போது, 1791இல், தேசிய சபை அப்பாடசாலையை அரசின் பொறுப்பில் ஏற்றது. அங்கே பயின்று அங்கேயே ஆசிரியரான லோரான் கிளேர் செவிப்புலனற்றவர். அவர் 1816இல் அமெரிக்கா சென்று, மறு ஆண்டு ஹார்ட்போர்ட் நகரில் பாடசாலை ஒன்று தோன்றத் துணைநின்றார். கைகளால் கற்றவர் கைகளாலேயே கற்பிக்கும் மரபு இவ்வாறு வளர்ந்தது.

இதற்கு எதிரான கருத்தும் உடனிருந்தது. 1778இல் லைப்சிக் நகரிற் பாடசாலை தொடங்கிய ஹைனிக்கே, ஒலித்த சொல்லின்றித் தெளிந்த சிந்தனை இல்லை என்று வாதிட்டார். அடுத்த நூற்றாண்டில் அக்கருத்து வலுப்பெற்றது. தேசிய அரசுகள் பாடசாலை வழியே ஒரே மொழியைப் பரப்ப முனைந்த காலம் அது. வேறு விதமாகப் பேசுவோர் திருத்தப்படவேண்டியோராகக் கருதப்பட்டனர். 1880 செப்டெம்பரில் மிலான் நகரிற் கூடிய சர்வதேச ஆசிரியர் மாநாடு, வாய்மொழி முறையே சைகையினும் மேலானது என 4 வாக்குகளுக்கு எதிராக 160 வாக்குகளால் தீர்மானித்தது. பேச்சு ஆன்மாவுக்குரியது, சைகை வெறும் புலன்களைத் தூண்டுவது என்பது அங்கே ஓங்கி ஒலித்த வாதம். எவருடைய வாழ்வு தீர்மானிக்கப்பட்டதோ அவர்கள் அம்மண்டபத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருந்தனர்.

விளைவு கொடியது. செவிப்புலனற்ற ஆசிரியர் பலர் பதவி இழந்தனர். சைகை செய்த சிறு கைகள் அடிபட்டன, கட்டிவைக்கப்பட்டதும் உண்டு. தாம் ஒருபோதும் கேட்டறியாத ஒலியை எழுப்பவும் பிறர் உதட்டசைவை ஊகிக்கவும் குழந்தைகள் ஆண்டுக்கணக்காகப் பயிற்றப்பட்டனர். கணிதமும் வரலாறும் கற்கவேண்டிய காலம் அதிலே கழிந்தது.

மிலான் தீர்மானத்தை ஐயுறுவதற்கான சான்று அதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்னரே கிடைத்திருந்தது. 1861இல் பரிஸ் சத்திர வைத்தியர் புறோக்கா, ‘தான்’ என்ற ஓரசையன்றி வேறு பேச இயலாத லெபோர்ன் என்னும் நோயாளியைப் பரிசோதித்தார். வினவியவற்றை அவர் பெரும்பாலும் விளங்கிக்கொண்டார். எண்களை விரல்களாற் காட்டி விடையளித்தார். அவர் இறந்தபின் மூளையின் இடது முற்பகுதியிற் சேதம் காணப்பட்டது. ஒலித்துப் பேசும் ஆற்றல் வேறு, பொதுவான மொழியாற்றல் வேறு என்று புறோக்கா அன்றே பிரித்துரைத்தார். ஆயினும் வாய் மூடினால் மொழியும் மூடிவிடும் என்ற நம்பிக்கை கலையவில்லை.

நம்பிக்கையை அசைத்தவர் வாஷிங்டனில் கல்லோடெட் கல்லூரியின் ஆங்கில ஆசிரியர் வில்லியம் ஸ்டோகோ. கையின் வடிவம், அது நிற்கும் இடம், அதன் அசைவு ஆகிய கூறுகள் எழுத்தொலிகள் போன்று சேர்ந்து சைகைச் சொற்களை ஆக்குகின்றன என 1960இல் அவர் நிறுவினார். 1987இல் பொய்ஸ்னர், கிளிமா, பெலூகி ஆகியோர் மூளை சேதமுற்ற செவிப்புலனற்றோர் அறுவரைப் பற்றிய ஆய்வை நூலாக வெளியிட்டனர். இடது அரைக்கோளம் சேதமுற்ற மூவருக்கும் கைகளை அசைக்க இயன்றும் சைகைமொழி சிதைந்திருந்தது. வலது அரைக்கோளம் சேதமுற்ற மூவர் படம் வரைவதிலும் இடத்தை உணர்வதிலும் தடுமாறினர். சைகைமொழியோ பெரும்பாலும் குன்றவில்லை. கையசைவு கண்ணுக்குரிய காட்சியாயினும், மூளை அதனை மொழியாகவே ஆள்கிறது என்பது இதனாற் புலனாயிற்று.

கேட்கும் திறனுடைய நாமும் செவியொன்றினாற் கேட்பதில்லை. 1976இல் மக்கேர்க், மக்டொனால்ட் என்போர், இதழ் கூடிப் பிறக்கும் ஓர் அசையைச் செவிக்கு ஊட்டி, பின்னண்ணத்திற் பிறக்கும் வேறோர் அசையை உச்சரிக்கும் முகத்தைத் திரையிற் காட்டினர். பலர் இவ்விரண்டும் அல்லாத, நாநுனியிற் பிறக்கும் மூன்றாம் அசையைக் கேட்டதாகக் கூறினர். நக்குதல், பொறுக்குதல், உதைத்தல் போன்ற பொருள்தரும் ஆங்கில வினைச்சொற்களை வாசிப்போரின் மூளையில், முறையே நா, விரல், கால் ஆகியவற்றை இயக்கும் பகுதிகளும் அவற்றை அடுத்தனவும் கிளர்ச்சியுறுவதை 2004இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. அக்கிளர்ச்சி பொருளை உணர்வதற்கு இன்றியமையாததா, உணர்ந்தபின் எழுவதா என்பதில் அறிஞர் இன்னும் வேறுபடுகின்றனர். எனினும் கண்ணும் கையும் விலகி நிற்க, வாயும் செவியும் மட்டுமே மொழியைத் தாங்குகின்றன என்ற பழைய கொள்கைக்கு இன்று இடமில்லை.

2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சமவாயம், மொழி என்ற சொல்லுக்குள் சைகைமொழிகளையும் அடக்கியது. 2010இல் வன்கூவரில் நடைபெற்ற செவிப்புலனற்றோர் கல்வி பற்றிய சர்வதேச மாநாடு மிலான் தீர்மானங்களை நிராகரித்தது. அதற்கு 130 ஆண்டுகள் வேண்டியிருந்தன. இலங்கை 2016இல் அச்சமவாயத்தைப் பின்னுறுதி செய்தது.

பாதிக்கப்படுவோரைக் கேளாது அவர்தம் மொழியைப் பிறர் தீர்மானித்தல் எத்தகைய அநீதி என்பதை நம் நாட்டவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. செவிப்புலனற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் இளவயதிலேயே சைகைமொழி கிட்டுகிறதா, அதைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஆசிரியராக அமர்த்தப்படுகின்றனரா, பெற்றோர் அதனைக் கற்க வழியுண்டா என்பவை நம் ஊர்ப் பாடசாலைகளை நோக்கி நாம் எழுப்பவேண்டிய வினாக்கள். அவற்றுக்கான விடைகளை முதலிற் கேட்டறிய வேண்டியதும் அம்மக்களிடமே.