மாட்டுங்கா: ஒரு புறநகரின் வரலாறும் 'தென்னிந்திய' அடையாளமும்

முன்னுரை

மும்பைத் தமிழரைப் பற்றிப் பேசுவோர் முதலில் சுட்டும் இடம் மாட்டுங்கா. கோயில், சபா, பள்ளி, உணவகம், பூக்கடை ஆகியவற்றால் அது தென்னிந்தியர் வாழிடம் எனப் பெயர்பெற்றது. குடியேறியோர் தம் ஊரையே அங்குப் பெயர்த்து நட்டனர் என்பது பொதுக்கருத்து. எனினும், அவ்வடையாளம் உருவானதில் நகரத் திட்டத்திற்கும் வீட்டமைப்பிற்கும் பெரும்பங்கு உண்டு என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கொள்ளைநோயும் நகரத் திட்டமும்

1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. நெருக்கமும் காற்றோட்டமின்மையுமே நோய்க்குக் காரணம் எனக் கருதிய காலனிய அரசு, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டை நிறுவியது. நகரின் வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் நிலத்தைக் கையகப்படுத்தி, அகன்ற சாலைகளும் பூங்காக்களும் கொண்ட புறநகரை அது வகுத்தது. 1933இல் டிரஸ்ட் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

அடுக்ககமும் குடியேற்றமும்

1920, 1930களில் இங்குப் பெருகியவை அடுக்குமாடி வீடுகளே. பொதுக் கழிப்பறையைப் பலர் பகிரும் சால் குடியிருப்பிலிருந்து இவை வேறுபட்டவை. சமையலறையும் கழிப்பறையும் ஒரே வீட்டிற்குள் அமைந்தன. ஆங்கிலக் கல்வியும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று அலுவலக வேலைக்கு வந்த தமிழக, பாலக்காட்டுப் பிராமணக் குடும்பங்களுக்கு ஆசாரத்தையும் நகர வாழ்வையும் ஒருங்கே பேண இவ்வமைப்பு இடந்தந்தது. சாதி வழக்கம் புதிய கட்டடக்கலைக்குள் தனக்கோர் இடம் தேடிக்கொண்டது எனலாம்.

'தென்னிந்தியர்' என்னும் சொல்

1932இல் தொடங்கப்பெற்ற தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பெயரில் 'தமிழ்' இல்லை என்பது நோக்கத்தக்கது. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு பேசுவோர் ஊரில் தனித்தனியே வாழ்ந்தவர்கள். மாட்டுங்காவில் ஒரே பெயரின்கீழ்க் கூடினர். உடுப்பி உணவகங்களும், 1952இல் தோன்றி 1963இல் அரங்கம் கண்ட சண்முகானந்தா சபாவும் இப்பொது வாழ்வின் அடையாளங்கள். வெளியார் இட்ட 'மதராசி' என்னும் பெயரும் இவர்களை ஒன்றாகவே எண்ணியது. 1966இல் தோன்றிய சிவசேனை, அலுவலகப் பணிகளில் இருந்த தென்னிந்தியரை எதிர்த்தபோது அப்பெயரே பகைமைச் சொல்லாயிற்று.

தண்டவாளத்தின் மறுபுறம்

மத்திய ரயில் பாதைக்குக் கிழக்கே மாட்டுங்காவின் இக்குடியிருப்பு, மேற்கே தாராவி. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்ட தமிழர் பலர் அங்குக் குடியேறினர். இருபுறத்தாருக்கும் மொழி ஒன்று. இடையில் நின்றவை சாதியும் வருவாயும் கல்வியும். 'தென்னிந்தியர்' என்னும் பெயர் மலையாளியையும் கன்னடரையும் அருகழைத்தது. ஆனால் மொழி ஒன்றாயினும் தாராவித் தமிழரைத் தொலைவிலேயே நிறுத்தியது.

நிறைவுரை

மாட்டுங்காவின் இயல்பு, நோயச்சத்தில் பிறந்த திட்டமும் அடுக்கக வாழ்வும் குடியேறியோரின் பண்பாடும் ஒன்றுகூடி விளைந்ததாகும். அதனை மட்டுமே மும்பைத் தமிழர் வரலாறு எனக் கொள்வது அரைகுறை வரலாறேயாகும். சபாக்களின் மலர்களைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், தாராவி முதியோரின் வாய்மொழிகளையும் அதே மதிப்புடன் திரட்டுதல் வேண்டும். அப்போதுதான் தண்டவாளத்தின் இருபுறமும் ஒரே வரலாற்றில் இடம்பெறும்.